ஒரே நிரலில் ஆண்ட்ராய்டும் ஐபோனும்: எந்த ஃப்ரேம்வொர்க்கை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருடத்துக்கு மேலாகச் சின்ன நிறுவனங்களுக்கும் கூட்டுறவு சங்கங்களுக்கும் மொபைல் செயலி எழுதிவருகிறேன். புதிதாக யார் வந்தாலும் கேட்கும் முதல் கேள்வி, "ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?" என்பதுதான். இரண்டும் ஒரே நிரலை வைத்து ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி கட்ட உதவும் கருவித் தொகுப்புகள், அதாவது ஃப்ரேம்வொர்க். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன, அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இரண்டு முதல் ஐந்து பேர் வரை உள்ள டீமை மனதில் வைத்து எழுதியது. நூறு பேர் உள்ள கம்பெனிக்குக் கணக்கு வேறு.

கிராஸ் பிளாட்ஃபார்ம் என்றால் என்ன?

ஆண்ட்ராய்டுக்கு கோட்லின் மொழியிலும் ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழியிலும் தனித்தனியாக எழுதாமல், ஒரு தடவை எழுதி இரண்டு போனிலும் ஓட வைப்பது. தனித்தனியாக எழுதுவதை நேட்டிவ் என்கிறோம்.

எல்லா ஃப்ரேம்வொர்க்கும் உள்ளே ஒரே மாதிரிதான் வேலை செய்கிறதா?

இல்லை. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். ரியாக்ட் நேட்டிவ் என்ற சமையல்காரர் மண்டபத்தில் இருக்கும் பாத்திரத்தையே வாங்கிச் சமைக்கிறார். நீங்கள் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு உள்ளீட்டுப் பெட்டி எழுதினால், திரையில் வருவது ஆண்ட்ராய்டின் சொந்தப் பெட்டி. ஐபோனில் ஐபோனின் சொந்தப் பெட்டி. ஃப்ளட்டர் அடுப்பிலிருந்து கரண்டி வரைக்கும் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வருகிறது. போனிடம் அது கேட்பது ஒரு காலி இடம் மட்டும்தான். பட்டன், எழுத்து, ஸ்க்ரோல் எல்லாவற்றையும் தன் வரைபட இன்ஜினை வைத்துத் தானே வரைந்துகொள்கிறது. முன்பு அந்த இன்ஜின் ஸ்கியா. இப்போது இம்பெல்லர்; ஐபோனில் 2023-லும், ஆண்ட்ராய்டு 10-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில் 2024 டிசம்பரில் வந்த 3.27 பதிப்பிலும் அதுவே இயல்பாக வந்துவிட்டது.

இரண்டுக்கும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. 2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 வந்தபோது ஆப்பிள் தன் திரைத் தோற்றத்தையே கண்ணாடி மாதிரி மாற்றியது. போனின் சொந்தப் பட்டனைப் பயன்படுத்தும் செயலிகளுக்கு அந்தத் தோற்றத்தில் பெரும்பகுதி தானாக வந்தது. ஃப்ளட்டர் செயலிகள் பழைய முகத்துடனேயே நின்றன, காரணம் அந்தப் பட்டன் ஐபோனுடையதே கிடையாது. எதிர்ப்பக்கமும் பாருங்கள்: ஆண்ட்ராய்டு போன் கம்பெனிக்குக் கம்பெனி சின்னச் சின்ன மாற்றம் செய்வதால் ரியாக்ட் நேட்டிவ் திரை ஒரு போனில் ஒரு மாதிரி தெரியும். ஃப்ளட்டரில் எந்தப் போனைத் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

மூன்றாவது வகை அயானிக், கெப்பாசிட்டர் போன்றவை. இவை ஒரு வலைப்பக்கத்தைச் செயலிக்குள் வைத்துத் தருகின்றன. நான்காவது கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம். கணக்கு, டேட்டாபேஸ், சர்வர் தொடர்பு ஆகியவற்றை மட்டும் பொதுவாக எழுதிவிட்டுத் திரையை இரண்டு பக்கமும் நேட்டிவாகவே வைத்துக்கொள்ளலாம். விருப்பமிருந்தால் திரையையும் பொதுவாக்கலாம்.

சரி, தேர்வு செய்யும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் செயலி போனின் எந்தெந்த உறுப்பைத் தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கேமரா, ஜிபிஎஸ், புளூடூத், பிரின்டர், கைரேகை, பின்னணியில் ஓடும் வேலை, அறிவிப்பு, ஆடியோ. எழுதிய ஒவ்வொன்றுக்கும் நேராக, அந்த ஃப்ரேம்வொர்க்கில் அதற்கான பிளகின் (அந்த உறுப்போடு செயலியை இணைக்க வேறு யாராவது எழுதி வைத்த துணை நிரல்) எது, அதைப் பராமரிப்பது யார், கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று குறியுங்கள்.

இந்த ஒரு தாள்தான் முக்கியம். திரையை எந்த ஃப்ரேம்வொர்க்கிலும் அழகாகச் செய்துவிடலாம். செயலி இரண்டாவது வருடம் படுத்துவிடுவது பெரும்பாலும் பிளகினால்தான்.

பிளகினைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

நான் அடிபட்ட இடம் அது. ஒரு பால் கொள்முதல் சங்கத்துக்குச் செயலி எழுதினோம். விடிகாலை ஐந்தரைக்குப் பால் ஊற்ற ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். லிட்டர், கொழுப்பு அளவு, தொகை மூன்றையும் பதிந்ததும், புளூடூத் பிரின்டரில் ஒரு சின்னச் சீட்டு வர வேண்டும். அந்தச் சீட்டுதான் ஊற்றியவருக்குச் சாட்சி, மாதக் கடைசியில் அதை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

பிரின்டருக்கு ஒரு இலவச பிளகினை எடுத்துப் போட்டோம். ஒன்றரை வருடம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. ஆண்ட்ராய்டு 12 வந்தபோது புளூடூத் சாதனத்தோடு இணைய, பயனரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும் என்று விதி மாறியது. உங்கள் செயலி அந்தப் பதிப்பைக் குறிவைத்துக் கட்டப்பட்டால்தான் விதி பொருந்தும். ஆனால் 2022 நவம்பரிலிருந்து பிளே ஸ்டோரில் அப்டேட் போட வேண்டுமானால் அதைக் குறிவைத்தே ஆக வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கிவிட்டது. நாங்களும் மாற்றி அப்டேட் போட்டோம். எங்களிடம் இருந்த சோதனைப் போன்கள் எல்லாம் ஆண்ட்ராய்டு 10, 11. எல்லாம் சரியாக ஓடியது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. புதுப் போன் வாங்கியிருந்த நிலையங்களில் மட்டும் பிரின்டர் இணையவில்லை. பிளகினைத் திறந்து பார்த்தால் அதை எழுதியவர் தொட்டே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பிளகினை நாங்களே பிரதியெடுத்து, கோட்லின் பகுதியைத் திறந்து, அனுமதி கேட்கும் வரிகளைச் சேர்த்து, புதுப் பதிப்பு போட்டு முடிக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் கையால் எழுதிய சீட்டுதான். தவறு எங்களுடையது. பிளகினுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று பார்க்காமல் எடுத்தோம், புதிய ஆண்ட்ராய்டு உள்ள ஒரு போனில்கூடச் சோதிக்கவில்லை.

இது ஒரு தடவையோடு முடிகிற விஷயமும் இல்லை. 2025 நவம்பரில், ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் செயலிகள் 16 கேபி நினைவகப் பக்க அளவை (போன் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டின் அளவு) ஆதரிக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஃப்ளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் புதிய பதிப்புகளில் அதைச் சரிசெய்துவிட்டன. ஆனால் உள்ளே சி மொழியில் எழுதிய பகுதி உள்ள பழைய பிளகின் ஒன்று இருந்தால் போதும், மொத்தச் செயலியும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான். வருடத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஒன்று வரும் என்று திட்டத்திலேயே நேரம் ஒதுக்கி வையுங்கள்.

ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா? ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

டீமில் ஏற்கனவே ரியாக்ட் (வலைத்தளத் திரைகளுக்கான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) எழுதுகிறவர்கள் இருந்தால் ரியாக்ட் நேட்டிவ். புதிதாக ஆரம்பிக்கிறீர்கள், திரைகள் அதிகம், வரைபடம் அனிமேஷன் எல்லாம் உண்டு என்றால் ஃப்ளட்டர். என் பதில் இதுதான். இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டுமானால் படியுங்கள்.

ரியாக்ட் நேட்டிவை ஃபேஸ்புக் 2015-ல் வெளியிட்டது. மார்ச்சில் ஐபோனுக்கு, செப்டம்பரில் ஆண்ட்ராய்டுக்கு. பழைய அமைப்பில் ஜாவாஸ்கிரிப்டும் போனின் நேட்டிவ் பகுதியும் ஒரு பாலத்தின் வழியாகக் கடிதம் அனுப்பிக்கொள்கிற மாதிரி பேசிக்கொண்டன. நீளமான பட்டியலை வேகமாகத் தள்ளினால் வெள்ளைத் திரை தெரிந்தது அதனால்தான். இப்போது பாலம் போய்விட்டது, இரண்டும் நேரடியாகவே பேசிக்கொள்கின்றன. 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பிலிருந்து புது அமைப்புதான் இயல்பு. ஆகவே அதற்கு முன்னால் எழுதப்பட்ட வேக ஒப்பீடுகளைப் படித்து முடிவெடுக்காதீர்கள். இன்னொன்று, ரியாக்ட் நேட்டிவ் எடுத்தால், அதன் மேல் கட்டிய கருவித் தொகுப்பான எக்ஸ்போவோடு சேர்த்தே ஆரம்பியுங்கள். இப்போது அதிகாரபூர்வ ஆவணமே அப்படித்தான் சொல்கிறது. எக்ஸ்போ இல்லாமல் பதிப்பு உயர்த்துவது நாள் கணக்கில் நேரம் தின்னும் வேலை.

ஃப்ளட்டரின் 1.0 பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது, பின்னால் இருப்பது கூகுள். மொழி டார்ட். டார்ட் தெரியாதே என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் தேவையில்லை. ஜாவாவோ ஜாவாஸ்கிரிப்டோ எழுதியவருக்கு ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். வெளியீட்டுப் பதிப்பில் டார்ட் நேரடியாகப் போனின் இயந்திர மொழியாகவே மாறுகிறது. அடிப்படையில் தேவைப்படும் பலவும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன, அதனால் சின்ன டீமுக்கு நிம்மதி.

இந்தியாவிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. பங்குச் சந்தைத் தரகு நிறுவனமான செரோதாவின் கைட் செயலி நேட்டிவிலிருந்து ரியாக்ட் நேட்டிவுக்குப் போய், அங்கிருந்து ஃப்ளட்டருக்கு வந்தது. நொடிக்கு நொடி விலை மாறிக்கொண்டே இருக்கும் திரை அது. எதிர்த்திசையில், இணையக் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபை நிறுவனம் 2020-ல் இனி எங்கள் மொபைல் செயலிகள் ரியாக்ட் நேட்டிவில்தான் என்று அறிவித்து அதிலேயே நிற்கிறது. இரண்டுமே அவரவர் தேவைக்குச் சரியான முடிவு.

தமிழில் இயங்கும் செயலிக்கு எது நல்லது?

யாரும் கேட்காமல் விட்டுவிட்டு, செயலி வெளியான பிறகு வருந்துகிற கேள்வி இது. தமிழ் எழுத்து எல்லாவற்றிலும் சரியாகத் தெரிகிறது, அந்தக் காலப் பிரச்சினை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

"தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று டார்ட்டையும் ஜாவாஸ்கிரிப்டையும் கேட்டுப் பாருங்கள். 5 என்று சொல்லும். நமக்கு த, மி, ழ் என மூன்று எழுத்து. அவற்றுக்கு இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. இதனால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்டுவது வழக்கம். மீனாட்சி என்ற பெயரில் முதல் குறியை மட்டும் வெட்டினால் வட்டத்துக்குள் "ம" நிற்கும். கௌரி "க" ஆகிவிடுவார், சீனிவாசன் "ச" ஆகிவிடுவார். தன் பெயரையே தப்பாகக் காட்டுகிற செயலியை யார் மதிப்பார்கள்? ஃப்ளட்டரில் இதற்கு கேரக்டர்ஸ் என்ற வசதி கூடவே வருகிறது, அதைக் கொண்டு வெட்டினால் "மீ" சரியாக வரும். ரியாக்ட் நேட்டிவில் இதற்கென்று ஒரு சின்ன லைப்ரரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அகரவரிசை. சாதாரணமாக வரிசைப்படுத்தினால் கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் தரப்பட்டிருக்கும் யூனிகோட் எண்ணைப் பார்த்து அடுக்கும். யூனிகோட் அட்டவணையில் ன-வின் இடம் ந-வுக்குப் பக்கத்தில். நம் நெடுங்கணக்கில் ன கடைசி. அதனால் கமலாவுக்கு முன்னால் கனகா வந்து நிற்பார். நானூறு உறுப்பினர் பட்டியலில் பெயர் தேடும் சங்கச் செயலாளருக்கு இது தினசரி எரிச்சல். நேட்டிவில் தமிழ் வரிசை தெரிந்த கோலேட்டர் (வரிசைப்படுத்தும் கருவி) தயாராக இருக்கிறது. ஃப்ளட்டரில் நாங்கள் எழுத்து வரிசையை ஒரு அட்டவணையாக எழுதி வைத்துக்கொண்டோம், ஐம்பது வரிகூட ஆகவில்லை.

மூன்றாவது, உயரமும் அகலமும். "சேவ்" என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் அடங்கிய பட்டன் "சேமிக்கவும்" ஆனதும் இடம் போதாமல் போகும். வரி உயரத்தை இறுக்கிக் கட்டிவிட்டால் "கூ", "மு" இவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். ஆண்ட்ராய்டில் ரியாக்ட் நேட்டிவில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் நாளிலிருந்தே தமிழ்ச் சொற்களை வைத்துத் திரையை வடிவமையுங்கள். அப்புறம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் எல்லாத் திரையையும் இரண்டாம் முறை கட்ட வேண்டியிருக்கும்.

கீபோர்டையும் மறக்காதீர்கள். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் கீபோர்டு, சொல் முடியும்வரை எழுத்தைத் தற்காலிகமாகவே வைத்திருக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் உங்கள் நிரல் பெட்டியில் உள்ளதைத் திருத்தித் திரும்பப் போட்டால் சொல் சிதறிவிடும். எந்த ஃப்ரேம்வொர்க்காக இருந்தாலும் இது பொருந்தும்.

பிரின்டரில் தமிழ் வருமா?

சின்ன தெர்மல் பிரின்டர்களுக்குப் பெரும்பாலும் தமிழ் எழுத்தே தெரியாது. நேராக அனுப்பினால் கேள்விக்குறிதான் வரிசையாக அச்சாகும். சீட்டைப் படமாக மாற்றி அனுப்புவதே வழி. 58 மில்லிமீட்டர் பிரின்டரில் ஒரு வரிக்கு 384 புள்ளி, அந்த அகலத்துக்குப் படம் தயாராக வேண்டும். ஃப்ளட்டர் எல்லாவற்றையும் தானே வரைவதால், திரையில் கட்டிய சீட்டை அப்படியே படமாக எடுப்பது அதில் சுலபம். எங்கள் பால் சங்கச் செயலிக்கு ஃப்ளட்டரை எடுத்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

விலை குறைந்த போனில் வேகமாக ஓடுமா?

பட்டியல், படிவம், பணம் செலுத்துவது போன்ற வேலைகளில் பயனருக்கு வித்தியாசம் தெரியாது. மெதுவாக இருப்பதாகப் புகார் வந்த செயலிகளைத் திறந்து பார்த்தால் அநேகமாகக் காரணம் வேறு: சர்வரிலிருந்து இரண்டாயிரம் வரிகளை ஒரேயடியாக இழுப்பது, கேமராவில் எடுத்த முழு அளவுப் படத்தைச் சின்னக் கட்டத்தில் காட்டுவது. சரிசெய்ய வேண்டியது அதைத்தான். சோதிக்கும்போது உங்கள் விலை உயர்ந்த போனை ஓரமாக வைத்துவிட்டு, வாடிக்கையாளர் கையில் இருக்கிற மாதிரி ஒரு போனை வாங்குங்கள். பிழை தேடுவதற்கான சோதனை முறையில் (டீபக்) இல்லாமல் வெளியீட்டு முறையில் கட்டி ஓட்டுங்கள். ஃப்ளட்டரின் சோதனை முறை மெதுவாகவே இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து விட்டவர்கள் உண்டு.

கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் யாருக்கு?

கோட்லினில் எழுதிய ஆண்ட்ராய்டு செயலி ஏற்கனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது ஐபோனுக்கும் வேண்டும் என்பவர்களுக்கு. மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டாம், கணக்குப் பகுதியை மட்டும் பொதுவாக்கிக்கொண்டு மெதுவாக நகரலாம். கோட்லின் மொழியை உருவாக்கிய ஜெட்பிரெயின்ஸ் 2023 நவம்பரில் இதை நிலையான பதிப்பாக அறிவித்தது, 2024-ல் கூகுளும் ஆதரவு தந்தது. திரையைப் பொதுவாக எழுதும் கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம் ஐபோனில் நிலையானது 2025 மே மாதம்தான். ஸ்விஃப்ட் தெரிந்த ஒருவராவது டீமில் இருந்தால் துணிந்து எடுங்கள்.

எங்களிடம் வலைத்தளம் இருக்கிறது. அதையே செயலியாக மாற்றிவிடலாமா?

உள்ளே படிக்க மட்டும்தான், படிவம் ஒன்றிரண்டு என்றால் கெப்பாசிட்டர் போதும். அப்படியே வலைத்தளத்தை ஒரு உறைக்குள் போட்டு அனுப்பினால் ஆப்பிள் திருப்பி அனுப்பிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வலைத்தளத்துக்கு மேல் செயலியாக ஏதாவது பயன் இருக்க வேண்டும் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. உண்மையில் பல கடைகளுக்குச் செயலியே தேவையில்லை, முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளும் வலைத்தளமே போதும். பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவன் என்றாலும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிவிடுவேன்.

பெரிய கம்பெனி கைவிட்டுவிட்டால் என்ன செய்வது?

நியாயமான பயம், நடந்தும் இருக்கிறது. போன்கேப் என்ற பழைய ஃப்ரேம்வொர்க்கை அடோபி 2020-ல் நிறுத்தியது. ஸாமரின் என்ற இன்னொன்றை 2016-ல் வாங்கிய மைக்ரோசாஃப்ட் 2024 மே 1-ஆம் தேதியோடு ஆதரவை முடித்துக்கொண்டது. அதற்குப் பதில் டாட்நெட் மௌயி இருக்கிறது, ஆனால் மாறுவதற்கு வேலை உண்டு. அதன் மொழியான சி ஷார்ப் தெரிந்த டீம் இருந்தால் தவிர மௌயியைப் புதிதாக எடுக்கச் சொல்ல மாட்டேன்.

தங்குமிடம் பதிவு செய்யும் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் கதையையும் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 2016-ல் ரியாக்ட் நேட்டிவை எடுத்து, 2018-ல் விலகுவதாக அறிவித்தார்கள். ஏற்கனவே இருந்த பெரிய நேட்டிவ் செயலிக்குள் அதைப் பாதியில் செருகியதால், மூன்று விதமான நிரலைச் சேர்த்துப் பராமரிக்க வேண்டியதாயிற்று. புதிதாக முழுச் செயலியையும் அதில் எழுதுகிறவருக்கு அந்தச் சுமை அதே அளவில் வராது. 2024-ல் கூகுள் ஆட்குறைப்பில் ஃப்ளட்டர் டீமிலும் ஆட்கள் போனார்கள்; ஆனாலும் பதிப்புகள் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் இரண்டுமே திறந்த மூலம் (நிரலை யாரும் எடுத்துத் தொடரலாம்), ஒரே நாளில் காணாமல் போகாது. உங்கள் பக்கம் செய்ய வேண்டிய பாதுகாப்பு ஒன்று உண்டு. பால் விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது போன்ற வணிக விதிகளைத் திரையோடு கலந்து எழுதாமல் தனியாக வைத்திருங்கள், முடிந்தால் சர்வரிலேயே. ஃப்ரேம்வொர்க் மாறினாலும் திரையை மட்டும் புதிதாக எழுதினால் போதும்.

செலவு பாதியாகுமா?

ஆகாது. இரண்டு செயலிக்கு ஆகும் செலவில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வரும் என்று என் அனுபவத்தில் சொல்வேன். சோதனை இரண்டு போனிலும் செய்தாக வேண்டும். இரண்டு ஸ்டோர், இரண்டு விதமான அனுமதி, இரண்டு விதமான அறிவிப்பு அமைப்பு. உண்மையான மிச்சம் பராமரிப்பில் வருகிறது: ஒரு பிழையை ஒரு இடத்தில் திருத்தினால் போதும்.

ஸ்டோர் கட்டணமும் கணக்கில் வையுங்கள். கூகுள் பிளேவுக்கு ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். தனிநபர் பெயரில் புதிதாகத் திறந்த பிளே கணக்கு என்றால் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் பொதுவில் வெளியிட முடியும். வெளியீட்டுத் தேதியை வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன் இந்த இரண்டு வாரத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மேக் கணினி இல்லாமல் ஐபோன் செயலி செய்ய முடியுமா?

கட்டலாம். எக்ஸ்போவும் கோட்மேஜிக் என்ற இணையச் சேவையும் தங்கள் மேக் கணினியில் கட்டித் தருகின்றன. ஆனால் ஐபோனில் மட்டும் வரும் பிழையைத் தேட மேக் இல்லாமல் மிகவும் கஷ்டம். பழைய மேக் மினி ஒன்றும் பழைய ஐபோன் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

ஸ்டோருக்குப் போகாமலே அப்டேட் அனுப்ப முடியும் என்கிறார்களே?

ரியாக்ட் நேட்டிவில் ஜாவாஸ்கிரிப்ட் பகுதியை மட்டும் எக்ஸ்போ வழியாக அனுப்பலாம். ஃப்ளட்டருக்கு ஷோர்பேர்ட் என்ற சேவை இருக்கிறது. செயலியின் நோக்கத்தை மாற்றாத சின்னத் திருத்தங்களுக்கு மட்டும். பிளகின் பிரச்சினைக்கு இது உதவாது, அது நேட்டிவ் பகுதி.

எப்போது நேட்டிவிலேயே எழுத வேண்டும்?

வீடியோ எடிட்டிங், பின்னணியில் இடைவிடாமல் ஓடும் ஆடியோ, கைக்கடிகாரச் செயலி, முகப்புத் திரை விட்ஜெட் இவையே உங்கள் செயலியின் உயிர் என்றால். ஓரமாக ஒரு விட்ஜெட் மட்டும் வேண்டுமானால் அதை மட்டும் நேட்டிவில் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் செயலியை ஃப்ளட்டருக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

எதற்கு என்று கேளுங்கள். "புதுசா இருக்கு" என்பது காரணமாகாது. பழைய ஃப்ரேம்வொர்க்குக்கு ஆதரவு முடிந்துவிட்டது, அல்லது ஸ்டோர் விதியைப் பூர்த்தி செய்ய முடியவில்லை என்றால் மாற்றுங்கள்.

கல்லூரியில் படிக்கிறேன், எதைக் கற்றுக்கொள்வது?

ஏதாவது ஒன்றை எடுத்து ஒரு செயலியை ஸ்டோர் வரைக்கும் கொண்டுபோய், பத்துப் பேராவது பயன்படுத்தும்படி செய்யுங்கள். கூடவே கோட்லினோ ஸ்விஃப்டோ படிக்கும் அளவுக்காவது தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பிரின்டர் பிரச்சினையை மூன்று நாளில் முடிக்க முடிந்தது, டீமில் ஒரு தம்பிக்கு கோட்லின் தெரிந்திருந்ததால்தான்.

இவ்வளவு படித்த பிறகும் முடிவெடுக்க முடியவில்லை. என்ன செய்யட்டும்?

இரண்டு வாரம் ஒதுக்குங்கள். உள்நுழைவுத் திரையையும் முகப்புத் திரையையும் கட்டாதீர்கள், அவை எதிலும் வரும். உங்கள் செயலியில் எதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறதோ அந்த ஒரு வேலையை மட்டும் கட்டுங்கள். எங்களுக்கு அது, இணையம் இல்லாத இடத்தில் பதிவைச் சேமித்து, தமிழில் சீட்டு அடித்து, இணையம் வந்ததும் சர்வருக்கு அனுப்புவது. முதல் வாரம் ஒரு ஃப்ரேம்வொர்க்கில், இரண்டாம் வாரம் இன்னொன்றில்.

கட்டியதை அலுவலக மேசையில் சோதிக்காமல், பயன்படுத்தப்போகிறவர் கையில் கொடுங்கள். கொள்முதல் நிலையத்தில் ஒரு அக்காவிடம் கொடுத்தோம். ஈரக் கையோடு தட்டினார், சின்னப் பட்டன் பதியவில்லை. எண் கீபோர்டு மேலே வந்து தொகையை மறைத்தது. பிரின்டரை அணைத்து மறுபடி போட்டதும் ஒரு ஃப்ரேம்வொர்க்கின் பிளகின் தானாக இணைந்துகொண்டது, இன்னொன்றில் செயலியையே மூடித் திறக்க வேண்டியிருந்தது. "கண்ணு, இது தானா சேர்ந்துக்குது, இதையே போட்டுரு" என்றார். அன்று மாலையே முடிவெடுத்துவிட்டோம்.